வினாடிக்கு ஆறு ஆட்டம்

என் வலது கை ஆடுகிறது. இடது கையும் ஆடும், கொஞ்சம் குறைவாக. மாத்திரை தொடங்கிய பிறகு ஆட்டம் பாதியாகியிருக்கிறது. நிற்கவில்லை, முழுதாக நிற்காது என்றும் சொல்லிவிட்டார்கள். இதை அந்தக் கையால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் அதுவே எழுத்தாக மாற்றிக்கொள்ளும் என்று மகள் காட்டித் தந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். என் எழுத்து கோணலாக இருக்கும். படித்து டைப் செய்கிறவர் கொஞ்சம் சிரமப்படட்டும்.

சித்தூரில் ஐம்பது வயது தாண்டிய ஆம்பளைக்குக் கை ஆடினால் ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. நான் குடித்ததில்லை. இதை வாயால் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் வலுத்தது. அதனால் இந்த முறை எழுதிவிடுகிறேன்: வியாதி என்ன, திருப்பதி ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள், மூளைக்குள் இந்தத் தாளம் எப்படிப் பிறக்கிறது, என் மகளின் நிச்சயதார்த்தத்தில் என்ன நடந்தது. இதே கையோடு எங்காவது ஒருவர் டீக்கடையில் கிளாஸை எடுக்கத் தயங்கி நிற்பார். அவருக்காக.

நான் சித்தூருக்கு வெளியே ஒரு சப்ஸ்டேஷனில் ஷிப்ட் ஆபரேட்டர். மீட்டர்களைப் பார்த்து மணிக்கு ஒரு முறை ரீடிங் எழுதுவது, லைன்மேன் கம்பத்தில் ஏறுமுன் லைனை நிறுத்திக் கொடுப்பது, வேலை முடிந்ததும் மறுபடி போடுவது. ஓய்வு நாளில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்கு எந்த வருஷம் எந்த மாதம் முதல் விளக்கு எரிந்தது என்று விசாரித்து எழுதி வைப்பேன். புத்தகம் நிறைய படிப்பேன். தேதி இல்லாத சேதி எனக்குச் சேதியே அல்ல. அப்படிப்பட்டவனுக்குத் தன் கை முதன்முதலில் ஆடிய தேதி தெரியாது. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. முந்தின வருஷம் தையில் என் கையெழுத்து நேராக இருக்கிறது. ஐப்பசியில் எழுதிய பக்கங்களில் எழுத்துக்கெல்லாம் முள் முளைத்திருக்கிறது. நடுவில் எங்கோ தொடங்கியிருக்கிறது.

முதலில் வாய் திறந்தவர் எங்கள் டீக்கடைக்காரர்.

"இன்னா ஆப்ரேட்டரே, காலைலயே ஆரம்பிச்சாச்சா?"

நான் முறைத்தேன். மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் அரை கிளாஸ் ஊற்றினார். ஏன் என்று கேட்டேன். "மீதியை சட்டைதானே குடிக்குது? பால் இன்னா வெலை விக்குது!" என்றார். கடையே சிரித்தது.

பிறகு யாரோ மொட்டைக் கடிதம் போட்டு, எங்கள் உதவிப் பொறியாளர் ஏ.இ. சார் ஒரு நாள் திடீரென்று வந்து என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். வாசனை இல்லை.

"அப்போ நேத்து ராத்திரி போட்டது," என்றார்.

"நேத்தும் இல்ல சார். என்னிக்கும் இல்ல."

"விட்டுட்டியா? திடீர்னு விட்டாலும் இப்பிடித்தாம்பா நடுங்கும்."

குடித்தாலும் நடுங்கும், விட்டாலும் நடுங்கும். அந்தக் கணக்கில் குடிக்காதவனுக்கு இடமே இல்லை.

வீட்டிலும் பேச்சு வந்தது. என் மனைவி கஸ்தூரிக்கு நான் தொட்டதில்லை என்பது நன்றாகத் தெரியும். ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் காணிப்பாக்கத்துக்கு அழைத்துப் போனாள். பிள்ளையார் சன்னதியில் குடியை விடுவதாகச் சத்தியம் செய்கிறவர்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள். அந்தச் சாமிக்கு முன்னால் சொன்ன வார்த்தையை யாரும் மீறத் துணியமாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வரிசையில் நின்ற பிறகுதான் எதற்கு வந்தோம் என்று எனக்குப் புரிந்தது.

"நான் எதை விடறேன்னு சொல்றது?"

"குடியைத்தான்."

"குடிச்சாத்தானே விடறதுக்கு?"

"அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேணாமா? ஒரு தடவ சொல்லிடுங்க, வாய மூடிக்குவாங்க."

"விடறேன்னு சொன்னா இதுவரைக்கும் குடிச்சேன்னு ஆவுது. பொய் சத்தியம். இந்தச் சாமிகிட்டயே பொய் சொல்லச் சொல்றியா?"

"அதுவும் சரிதான்," என்றாள். வரிசையிலிருந்து விலகி, வெளியே வந்து புளியோதரை வாங்கித் தின்றோம். அவள் தொன்னையைப் பிடித்துக்கொண்டாள், நான் எடுத்துத் தின்றேன். பார்ப்பவர்களுக்குப் புதுசாகக் கல்யாணமான ஜோடி மாதிரி இருந்திருக்கும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாதது ஆனி மாதத்தில் வந்தது. எங்களுக்கு ஒரே மகள், ஹேமா. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கேயே வேலை செய்யும் நாகலாபுரம் பக்கத்துப் பையனுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. ஆவணியில் நிச்சயம் என்று பேசினோம். எங்களில் பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் எதிரெதிரே நின்று தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம் எல்லாம் அடுக்கிய பித்தளைத் தட்டு. கஸ்தூரியின் தம்பி முனிரத்தினம் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னான்:

"மாமா, நீ உக்காந்துகினு இரு. தட்ட நான் மாத்திடறேன். இந்தக் கையோட நீ நின்னா, பொண்ணோட அப்பன் தண்ணி போட்டுக்கினு வந்துட்டான்னு அங்கியே பேசுவாங்க."

நான் உயிரோடு உட்கார்ந்திருக்க, என் மகளுக்கு இன்னொருவன் தட்டு மாற்றுவதா? நான்தான் நின்று மாற்றுவேன் என்றேன். மறுநாளே டாக்டரிடம் போனேன்.

சித்தூர் டாக்டர் ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார். எதிலும் குறையில்லை. "நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க," என்று திருப்பதிக்கு எழுதிக் கொடுத்தார். முனிரத்தினமும் கூட வந்தான். வேண்டாம் என்றாலும் வருவான், அப்படிப்பட்ட ஆள்.

திருப்பதி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிக் கூடத்தில் பாதித் தலைகள் மொட்டைத் தலைகள். மலையில் முடி கொடுத்துவிட்டு, காய்ச்சலோ மயக்கமோ வந்து நேராக இங்கே வந்தவர்கள். தலையில் பூசிய சந்தனம்கூட உதிரவில்லை. பெயர்களைத் தெலுங்கில் கூப்பிட்டார்கள். காத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் வியாதியைத் தமிழிலும் தெலுங்கிலுமாகச் சொல்லிக்கொண்டார்கள். என் பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் கையையே பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார். எதுவும் கேட்கவில்லை. அவர் கையும் ஆடியது. அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

நரம்பு டாக்டர் ஒரு பெண். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முதல் கேள்வியே, "தாகுதாரா?"

குடிப்பீர்களா என்று. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "லேது. இல்லை. எந்த பாஷைல கேட்டாலும் இல்லை," என்றேன்.

அவர் சிரித்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். "கோபம் வேணாங்க. நான் கேக்கறதுக்குக் காரணம் வேற. இந்த மாதிரி நடுக்கம் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு, கொஞ்சம் குடிச்சா நடுக்கம் கொஞ்ச நேரம் அடங்கும். அப்படி அடங்கினா, இது எந்த வகைன்னு எனக்கு ஒரு துப்பு."

"குடிச்சா அடங்குமா?" என்று கேட்டது நான் அல்ல, முனிரத்தினம்.

"அடங்கும். ஆனா அது வைத்தியம் கிடையாது. போதை இறங்கினதும் முன்னைவிட ஜாஸ்தியா ஆடும். நான் தரப்போற மாத்திரையோட சேந்தா ஆபத்தும்கூட. யாரும் முயற்சி பண்ணாதீங்க."

முனிரத்தினம் பயபக்தியோடு தலையாட்டினான். அடுத்து டாக்டர், வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். நைனாவுக்கு என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே உறைத்தது.

நைனா, என் அப்பா, கூலி வேலை செய்தவர். எங்களுக்கு அப்போது கைப்பிடி நிலம் இல்லை. காலையில் ஒரு சொம்பு கள் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கை ஆடும். 'குடிச்சுக் குடிச்சு நரம்பு போயிடுச்சு' என்று ஊர் சொன்னது, அவரைக் கூலிக்கு வைத்த ரெட்டியார் சொன்னார், செத்த அன்றுகூடச் சொன்னார்கள். கள் உள்ளே போனால் அவர் கை நின்றது. நின்ற கையோடுதான் அரிவாளைப் பிடிக்க முடிந்தது. ஆடியதால் குடித்தார். ஊர் அதைத் தலைகீழாகப் படித்தது. அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வந்தது அழுகை இல்லை. ரெட்டியார் இருந்திருந்தால் நேரே போய்ச் சொல்லியிருப்பேன். அவரும் போய்விட்டார்.

பரிசோதனைகளுக்காகவும் மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காகவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆபீஸில் கொடுத்த மருத்துவக் கார்டு பெரும்பாலான செலவை ஏற்றது. ஏற்காததை முனிரத்தினம் கட்டிவிட்டு வாயைத் திறக்கவில்லை. ரசீது அவன் சட்டைப்பையிலிருந்து விழுந்ததால் தெரியும்.

சோதனைகள் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வைப்பது போல இருந்தன. மூக்கைத் தொட்டு, பிறகு டாக்டரின் விரலைத் தொட வேண்டும். ஒரு கப்பிலிருந்து இன்னொரு கப்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாளில் நத்தை ஓடு மாதிரிச் சுருள் வரைய வேண்டும். என் சுருள் ரம்பத்தை வளைத்து வைத்தது போல வந்தது. கையைச் சும்மா மடியில் வைத்திருந்தால் ஆடவில்லை. ஏதாவது செய்யப் போனால்தான் ஆடியது. "அதான் முக்கியம்," என்றார் டாக்டர். பார்க்கின்சன் என்று எல்லோரும் பயப்படுவார்களே, அதில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது ஆடும். எனக்கு இருப்பது வேறு. வேறொரு நோயின் அடையாளமாக வராமல் தானாகவே வரும் நடுக்கம். ஸ்கேனில் கட்டி, ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று வந்த பிறகு உறுதியாகச் சொன்னார்கள். அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்த நேரம்தான் நான் நிஜமாகப் பயந்த நேரம். அது தட்டுகிற தட்டில், என் மண்டைக்குள் ஏதோ வேண்டாதது இருக்கிறது, இவர்கள் அதைத் தேடித் தட்டுகிறார்கள் என்றே தோன்றியது.

பிறகு விரலில் ஒரு சின்ன சென்சாரைக் கட்டி, கையை நீட்டச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் திரையில் அலை ஓடியது. ஒழுங்கான, அழகான அலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் சிரிக்கறீங்க?"

"வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து கரண்டோட ஃப்ரீக்வென்சியைப் பாத்து எழுதறவன் மேடம். ஐம்பது, நாப்பத்தொம்போது புள்ளி தொம்போதுன்னு. என் கைக்கும் ஒண்ணு இருக்கும்னு நெனச்சதில்ல. எவ்வளவு?"

"கிட்டத்தட்ட ஆறு. வினாடிக்கு ஆறு ஆட்டம்."

அப்போதுதான் கேட்டேன். சப்ஸ்டேஷனுக்கு ஐம்பது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கோ டர்பைன் சுற்றுகிறது. என் கைக்கு இந்த ஆறை எந்த டர்பைன் அனுப்புகிறது? வார்டு சுற்று முடிந்து அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னதை, எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

பின்மண்டையில், பெரிய மூளைக்குக் கீழே, சிறுமூளை என்று ஒன்று இருக்கிறது. கையை நீட்டு என்று கட்டளை போடுவது அதன் வேலை இல்லை. நீட்டுகிற கை சரியான நேரத்தில் வேகமெடுத்து, சரியான நேரத்தில் நிற்கும்படி நேரம் பார்த்துத் திருத்துவது அதன் வேலை. அதற்குள் கடுகைவிடப் பல மடங்கு சின்ன செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. தானிய மணி மாதிரி இருப்பதால் மணி செல்கள் என்று வைத்துக்கொள்வோம். சேதி வந்தால் அவை மின் துடிப்பை அனுப்பும். அவற்றுக்கு நடுவே வேறு வகைச் செல்கள், காவல் செல்கள், எண்ணிக்கையில் கொஞ்சம். மணி செல்கள் துடித்தால் காவல் செல்கள் தூண்டப்படும். தூண்டப்பட்டதும் அவை மணி செல்களையே 'சும்மா இரு' என்று அடக்கும். எல்லாம் அமைதி. அடக்குகிறவர்களைத் தூண்ட ஆளில்லாததால் அடக்குமுறை தளர்கிறது. தளர்ந்ததும் மணி செல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுகின்றன. மறுபடி அடக்கு. மறுபடி எழு.

"அப்போ தாளம் போடற செல்லுன்னு தனியா ஒண்ணு இல்லியா?" என்றேன்.

"இந்த இடத்துல தேவையில்ல. தூண்டறதும் அடக்கறதும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லிட்டே இருந்தா போதும். நடுவுல கொஞ்சம் தாமதம் இருக்கணும். அந்தத் தாமதத்துலதான் தாளம் பிறக்குது."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சப்ஸ்டேஷனுக்கு வருமுன் நான் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் டீசல் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜினின் வேகம் குறைந்தால் கவர்னர் என்ற கருவி டீசலைக் கூட்டும், அதிகமானால் குறைக்கும். கவர்னர் நன்றாக இருந்தால் சத்தம் ஒரே சீராக இருக்கும். அதில் அழுக்கு ஏறி, திருத்தம் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? டீசல் கூடும் நேரத்தில் வேகம் ஏற்கெனவே ஏறியிருக்கும். குறைக்கும் நேரத்தில் ஏற்கெனவே இறங்கியிருக்கும். இன்ஜின் 'ஊம், ஊம், ஊம்' என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஹண்டிங் என்போம். யாரும் ஆட்டவில்லை. திருத்தப் போவதே ஆட்டமாகிவிடுகிறது.

நான் இதைச் சொன்னதும் டாக்டர், "கிட்டத்தட்ட," என்றார். "ஆனா இதோட முடியல." மூளையின் அடித்தண்டில் ஆலிவ் காய் வடிவத்தில் இன்னொரு செல் கூட்டம் இருக்கிறதாம். அங்கே இருக்கும் செல்கள் சும்மா இருக்கும்போதே அவற்றின் மின்னழுத்தம் ஊஞ்சல் போல லேசாக ஏறி இறங்கும். ஒவ்வொன்றும் பக்கத்துச் செல்லோடு நுண்ணிய துவாரங்களால் இணைந்திருக்கிறது. மின்சாரம் நேராக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாயும். அதனால் தனித்தனி ஊஞ்சல்கள் ஒரே வேகத்துக்கு வந்துவிடுகின்றன. கிரிட்டில் இணைத்த ஜெனரேட்டர்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஒரே வேகத்தில் ஓடுவது போல. அந்தத் தாளம் சிறுமூளைக்குப் போய், அங்கிருந்து பெரிய மூளைக்குப் போய், கடைசியில் கைக்கு இறங்குகிறது.

"இந்தத் தாளம் உங்களுக்கு மட்டும் இல்லீங்க. எனக்கும் இருக்கு, எல்லாருக்கும் இருக்கு. இது இல்லன்னா விரல் எப்ப மூடணும்னு தெரியாது. உங்களுக்கு ரொம்ப செல்கள் ரொம்ப ஒத்துமையா ஆடுதுங்கன்னு நினைக்கறோம். முழுசாத் தெரியுமான்னு கேட்டா, இன்னும் தெரியல."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மாத்திரை முதலில் என்னைப் புரட்டிப் போட்டது. எழுந்தால் தலைசுற்றல், உட்கார்ந்தால் தூக்கம். மாத்திரை போதாவிட்டால் மண்டையில் துளை போட்டு மெல்லிய கம்பியை இறக்கி, அந்தத் தாளத்தை மின்சாரத்தாலேயே குலைக்கும் ஆப்பரேஷன் உண்டு என்றும் சொன்னார்கள். கஸ்தூரி அதைக் கேட்டதும் தாலியைப் பிடித்துக்கொண்டாள். 'கம்பி வைக்கறதுன்னா எர்த் ஒழுங்கா பண்ணச் சொல்லணும்' என்று நான் தமாஷ் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளே சிரிப்பில்லை.

அந்த நாட்களில் கஸ்தூரி செய்த ஒரு காரியம் எனக்கு மறக்காது. சாப்பாடு வந்ததும் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை. தண்ணீர்த் தொட்டியும் ஒரு சுவரும்தான். சோறு சிந்தி, ரசம் வழிந்து, நான் தின்று முடிக்கிறவரை திரும்பமாட்டாள். ஊட்டிவிடட்டுமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டர் ஒன்று சொன்னார். இது குடும்பத்தில் இறங்கக்கூடியது. பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. அன்று சாயங்காலம் வார்டில் பேச்சு அதுதான்.

"இத நாகலாபுரத்துக்காரங்ககிட்ட மூச்சு விடக் கூடாது," என்றாள் கஸ்தூரி. "கலியாணம் ஆவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

ஸ்ரீசிட்டியிலிருந்து ஹேமா லீவு போட்டு வந்திருந்தாள். "அந்தப் பையன்கிட்ட நான் சொல்லிட்டேன்," என்றாள், ஆரஞ்சை உரித்துக்கொண்டே.

"ஐயோ! எப்போடி?"

"மத்தியானமே, போன்ல. 'உனக்குக் கை ஆடினா மொபைல்ல எப்படி டைப் பண்ணுவே?'ன்னு கேட்டான். 'திட்டணும்னா போன் பண்ணித் திட்டறேன்'ன்னேன். சரின்னுட்டான்."

"அவன் சரின்னா ஆச்சா? பெரியவங்க?"

"அது நைனா பாத்துக்கட்டும்."

நான் அவர்களிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். தட்டு மாற்றுமுன் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். அதற்குள் முனிரத்தினம் வேறொரு காரியம் செய்துவிட்டான்.

ஆவணியில் நிச்சயம். வீடு நிறைய ஜனம். காலையிலிருந்தே பதற்றத்தில் என் கை மோசமாக ஆடியது. பதறினால் ஆட்டம் கூடும். முனிரத்தினம் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், அரிஷ்டம் பாட்டில் ஒன்றிலிருந்து பாதி கிளாஸ் ஊற்றினான். "திருப்பதி ஆயுர்வேத வைத்தியர் குடுத்தது மாமா. நரம்புக்கு. கண்ண மூடிக்கினு அடி." அரிஷ்டம் காரமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். குடித்தேன். தொண்டை எரிந்தது. டாக்டரைக் கேட்காமல் குடித்துவிட்டோமே என்று ஒரு கணம் தோன்றியது. வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட நேரமே இல்லை. அவர்கள் வந்ததே தாமதம், நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் விரட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. என் கை நின்றுவிட்டது. தட்டைத் தூக்கினேன், ஒரு பாக்குகூட அசையவில்லை. பையனின் அப்பா கோவிந்தசாமி மாந்தோப்புக் குத்தகைக்காரர், உரக்கப் பேசுகிற மனிதர். தட்டை வாங்கிக்கொண்டு முகம் மலர்ந்து சொன்னார்:

"சம்மந்தி, உங்களப் பத்தி ஒரு மாதிரி காதுல விழுந்துச்சு. இப்பதான் மனசு ஆறுச்சு. விட்டுட்டீங்கன்னு கையே சொல்லுதே!"

கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்றார்கள். முனிரத்தினம் என் காதோரம் வந்து, "எப்பிடி மாமா? பிராந்தி!" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு பெருமை.

வாழ்நாளெல்லாம் குடிக்காமல் குடிகாரன் என்று பேர் வாங்கினேன். ஒரே ஒரு நாள் குடித்தேன், அன்றைக்குக் குடியை விட்ட உத்தமன் ஆகிவிட்டேன். பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். என் நைனாவும் இப்படித்தான் பேசாமல் இருந்தார்.

"சம்மந்தி, நான் விடல," என்றேன். "நான் இன்னிக்குத்தான் மொதல் தடவ குடிச்சிருக்கேன். எனக்குத் தெரியாம குடுத்துட்டாங்க. அதனாலதான் கை நிக்குது. குடிக்காத நாள்ல ஆடும். இது சிறுமூளைல வர்ற வியாதி. என் நைனாவுக்கு இருந்துச்சு, எனக்கு வந்துச்சு, என் பொண்ணுக்கும் வரலாம். வராமலும் போகலாம். தட்டு உங்க கைல இருக்குது. உங்க இஷ்டம்."

கோவிந்தசாமி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

"எங்க வூட்ல ஒரு கட்டு இருக்குது," என்றார். "தட்டு மாத்தற அன்னிக்கு ரெண்டு பக்கத்துலயும் ஒருத்தரும் சொட்டு தொடக் கூடாது. தொட்ட கையால மாத்தின தட்டு செல்லாது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர்கள் சாப்பிடாமல் போனார்கள். பையன் மட்டும் வாசலில் திரும்பி ஹேமாவைப் பார்த்தான்.

அன்று பிற்பகல் மாத்திரையும் பிராந்தியும் சேர்ந்து என்னைத் தூக்கிப் போட்டன. முனிரத்தினம் அழுதுகொண்டே என்னைத் திருப்பதிக்குக் காரில் கொண்டுபோனான். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவனைத் திட்டினார், தெலுங்கில், மூச்சு விடாமல். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டில் கஸ்தூரி என்னிடம் பேசவில்லை. ஹேமா பேசினாள், ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போனாள். நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தச் சரிக்கு விலை என் மகள் கொடுக்கிறாளோ என்பதில்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கோவிந்தசாமியே போன் செய்தார். ஹேமா பையனிடம் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும், பிராந்தி முனிரத்தினத்தின் வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"வர்ற வெள்ளிக்கெழம நல்ல நாளு. வர்றோம். அந்த மச்சான மட்டும் சமையக்கட்டுப் பக்கம் விடாதீங்க."

"வியாதி..." என்று ஆரம்பித்தேன்.

"கேளுங்க. எங்க வூட்ல மூணு தலமொறையா சர்க்கர. எங்க அப்பாவுக்குக் கால எடுத்தாங்க. நான் உங்ககிட்ட சொன்னனா? என் பொண்டாட்டி சொல்லக் கூடாதுன்னுட்டா. நீங்க கூட்டத்துல நின்னு சொல்லிட்டீங்க. ராத்திரி தூக்கம் வரல சம்மந்தி. அதான் சொல்றேன். இப்ப ரெண்டு வூட்டுக்கும் சரியா பூட்ச்சு."

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு தட்டைத் தூக்கினேன். கை ஆடியது. பித்தளைத் தட்டில் பாக்குகள் கடகடவென்று உருண்டன. தேங்காய் ஒரு பக்கம் சாய்ந்தது, ஒரு எலுமிச்சை விளிம்பில் ஏறி இறங்கியது. முனிரத்தினம் பாய்ந்து வந்து அடியில் கை கொடுக்கப் போனான்.

"தள்ளி நில்லு," என்றார் கோவிந்தசாமி அவனிடம். "அவரே தரட்டும்."

அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவில்லை, பாதி வழிக்கு வந்து பிடுங்கிக்கொள்ளவும் இல்லை. வினாடிக்கு ஆறு என்றால் எவ்வளவு சத்தம் என்று அன்றுதான் கேட்டேன். பித்தளை முழுவதும் பேசியது. எல்லோருக்கும் கேட்டது. தட்டு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பாக்கு ஒவ்வொன்றாக அடங்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப செல்லும்," என்றார். பிறகு கஸ்தூரியிடம் திரும்பி, "அன்னிக்குத் துன்னாம போனது வவுத்துல இருக்குதும்மா. எலயப் போடுங்க," என்றார்.